இரண்டு நீளம், ஒரு குட்டை

எங்கள் தெருவில் நான்கு வீடுகளுக்கும் சேர்த்து ஒரே தொலைபேசிக் கம்பி. மணி அடித்தால் நான்கு வீட்டிலும் அடிக்கும். ஒரு நீளம் அடித்தால் அன்னா மிஹோக் வீட்டுக்கு. இரண்டு குட்டை என்றால் முடி வெட்டுகிற டொமினிக்குக்கு. மூன்று குட்டை எங்கள் வீடு. இரண்டு நீளம் ஒரு குட்டை என்றால் இம்ரி ஹுடாக்குக்கு அழைப்பு. அவரவர் மணிக்கு அவரவர்தான் எடுக்க வேண்டும் என்று கம்பி இழுக்க வந்தவன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் போனான். அவன் பேச்சை யார் கேட்டார்கள்? டொமினிக்கின் அத்தைக்கு வாயுத் தொல்லை என்பதைக் கேட்க யாருக்கும் அக்கறையில்லை. ஆனால் இம்ரியின் மணி அடித்தால், கரண்டியைப் போட்டுவிட்டு, சோப்பு நுரைக் கையோடு, நான்கு வீட்டிலும் எடுப்போம். வாயை மட்டும் கையால் பொத்திக்கொள்வோம்.

ஒவ்வொரு வீட்டிலும் எடுக்க எடுக்கக் கம்பியில் குரல் தேய்ந்துகொண்டே போகும். அது தெரிந்தும் எடுப்போம். நான் வைத்துவிட்டால் அன்னா மட்டும் கேட்டுவிடுவாளே.

எங்கள் தெருவில் நிலக்கரியைத் தவிர வேறு எதுவும் விளைந்ததில்லை. இம்ரி ஒருவன்தான் விளைந்தான். அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன் ஒருவன், கம்பங்களுக்கு நடுவே உதைக்கிறவன் வேறொருவன் என்றுதான் எங்கும் வைத்திருப்பார்கள். இம்ரி இரண்டையும் செய்தான். முதல் குழுவில் பத்து வருஷம் இருந்தான். ஒருநாள் கால் மந்தமாகிவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் பழைய அமைப்புக்குப் போட்டியாகப் புதிதாக ஒரு ஆட்ட அமைப்பு கிளம்பியது, அவர்களுக்கு எறிகிற கை தேவைப்பட்டது, கூப்பிட்டுக்கொண்டார்கள். அங்கே ராஜாவாக இருந்தான். வயதான பிறகு மூன்றாவது குழு வாங்கியது. உதைக்க மட்டும் வந்தால் போதும், எறிகிற பையனுக்கு அடிபட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்தப் பையனுக்கும் அடிபட்டது. நரைத்த தலையோடு இவன் உள்ளே போய், கடைசி நிமிஷங்களில் எறிந்து ஜெயித்தான், அடுத்த வாரம் உதைத்து ஜெயித்தான். அந்த இலையுதிர் காலத்தில் எங்கள் தேவாலயத்தில் ஞாயிறு பூசை சீக்கிரம் முடிந்தது. பாதிரியாருக்கும் ரேடியோ கேட்க வேண்டியிருந்தது.

இப்போது அவனுக்கு நாற்பத்து நான்கு. அவனோடு ஆட ஆரம்பித்தவர்களுக்குத் தொப்பையும் பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டன. ஜூலை மாதமே, ஆகஸ்ட் பயிற்சி முகாமுக்கு வரச்சொல்லி எல்லாருக்கும் தகவல் போய்விட்டது, இவனுக்கு மட்டும், "இரு, போனில் கூப்பிடுகிறோம்" என்று சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து உள்பனியனோடு தொலைபேசிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். பீர் குடிக்கக்கூடக் கடைக்குப் போகவில்லை.

அது வெள்ளிக்கிழமை. வெள்ளி என்றால் எங்கள் தேவாலயப் பெண்களுக்குப் பிரோகி நாள். மாவை வட்டமாக வெட்டி, நடுவில் மசித்த உருளைக்கிழங்கும் சீஸும் வைத்து, மடித்து, ஓரத்தைக் கிள்ளி மூடி, கொதிக்கிற நீரில் போட வேண்டும். பிறகு வெண்ணெயில் வதக்கிய வெங்காயத்தைத் தலையில் கொட்டி விற்க வேண்டும். தேவாலயத்து நிலவறையில் புதிதாகச் சிமெண்டு போட்டிருந்ததால் அந்த வாரம் என் சமையலறைக்கு வேலை வந்துவிட்டது. வெளியே காற்றே இல்லை. சுரங்கக் கழிவைக் கொட்டிக் கொட்டி மலையாகிப்போன, நாங்கள் போனிக் குவியல் என்று கூப்பிடுகிற குன்று உள்ளுக்குள் புகைந்து, அழுகிய முட்டை நாற்றத்தைத் தெருவுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தது. நானும் இம்ரியின் மனைவி வெரோனாவும் மேசைக்கு எதிரெதிரே நின்று கிள்ளிக்கொண்டிருந்தோம். கால்வலி என்று அன்னா தன் வீட்டிலேயே வெங்காயம் வதக்குவதாகச் சொல்லியிருந்தாள்.

வெரோனாவின் வலது ஆள்காட்டி விரல் நுனி கொஞ்சம் கோணல். கோடையில் இம்ரி உதைத்துப் பழகும்போது, தரையில் முட்டி போட்டுப் பந்தின் தலையை ஒரு விரலால் பிடித்துக்கொள்வது அவள்தான். கல்யாணமான புதிதில் ஒருநாள் பந்தோடு விரலையும் சேர்த்து உதைத்துவிட்டான். அந்தக் கோணல் விரலால் அவள் கிள்ளுகிற பிரோகி மட்டும் வெந்நீரில் ஒருபோதும் வாய் திறக்காது.

"போன் வருமாடி?" என்றேன்.

"வராம இருந்தா மெழுகுவத்தி ஏத்தறேன்னு வேண்டியிருக்கேன்."

"அடிப்பாவி! அந்தாளு அங்க சோறு தண்ணியில்லாம உக்காந்திருக்கான்."

"நானும்தான் உக்காந்திருந்தேன், ஹெலா. ஒவ்வொரு ஆகஸ்டுலயும் போவான், கிறிஸ்துமஸ் சமயத்துல வருவான். ரெண்டு பொண்ணும் அக்டோபர்ல பொறந்துதுங்க. தல நின்னப்புறம்தான் அப்பன் பாத்தான். இந்த மரமெல்லாம் செவக்கற நேரத்துல என் வீட்டுக்காரன் என்ன சட்டை போடுவான்னு எனக்குத் தெரியாது."

"ஒரு வருஷம் வீட்ல இருந்தானே? மொதல் குழு துரத்தினப்ப?"

வெரோனா கிள்ளுவதை நிறுத்தினாள். "இருந்தான். அதுக்குப் பேரு இருக்கறதா? கரி சலிக்கிற எடத்துல வேல பாத்துட்டு வருவான். சோத்தத் தின்னுட்டு சுவத்தப் பாப்பான். ஞாயித்துக்கிழம ஆனா போர்வையத் தலைக்கு மேல இழுத்துக்குவான். அடுத்தவன் வீட்ல தப்பா நுழைஞ்சவன் மாதிரி இருந்தான்டி."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அப்போது மணி அடித்தது. இரண்டு நீளம், ஒரு குட்டை.

மாவுக் கையைத் துடைக்கக்கூட இல்லை, எடுத்துவிட்டேன். வெரோனா வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஓடி வந்து என் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக் காதை வைத்தாள். டக், டக் என்று மற்ற வீடுகளிலும் எடுக்கிற சத்தம் கேட்டது. எங்கள் கருவி புதிது, கம்பத்துக்கும் பக்கம், அதனால் எவ்வளவு தேய்ந்தாலும் எங்களுக்கு ஓரளவு கேட்கும். அடுத்த முனையில் குழுவின் மேலாளர்.

"இம்ரி, சுத்தி வளைக்காம சொல்லிடறேன். உதைக்கிறதுக்கு ஒரு பையனை எடுத்துட்டோம். ஐரோப்பாக்காரன், பக்கவாட்டுல ஓடிவந்து ஒதைக்கிறான். உனக்கு எடமில்ல."

"என்ன? சத்தமா சொல்லுங்க!" இம்ரி கத்தினான்.

"நீயா விலகிக்கிறேன்னு சொல்லிடு. அது உனக்கும் மரியாதை, எங்களுக்கும் மரியாதை. ஞாயித்துக்கிழம வா. பத்திரிகைக்காரங்க முன்னாடி உன் ஜெர்ஸிய வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில வெச்சிடறோம். சம்மதமா?"

"ஞாயித்துக்கிழமயா? ஜெர்ஸியா?"

"ஆமா. சம்மதமா?"

"சம்மதம்! சம்மதம், வர்றேன்!"

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. "நீ இப்படி நல்லவிதமா எடுத்துப்பேன்னு நான் நினைக்கல, இம்ரி." வைத்துவிட்டார்.

நாங்கள் இருவரும் கருவியைப் பிடித்தபடியே நின்றோம். வெளியே இம்ரி வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. அவன் தெருவின் நடுவே வந்து, சுரங்கத்திலிருந்து உயிரோடு வெளியே வந்தவனைப்போல இரண்டு கையையும் தூக்கினான்.

"கூப்பிட்டுட்டாங்க! ஞாயித்துக்கிழம ஜெர்ஸி போடறேன்!"

அன்னா மிஹோக் கால்வலியை மறந்து கரண்டியோடு ஓடிவந்தாள். "நானும் கேட்டேன், நானும் கேட்டேன்! ஞாயித்துக்கிழமன்னாங்க, ஜெர்ஸின்னாங்க!"

"நீ ஏன்டி அவன் போனைக் கேட்டே?" என்றார் டொமினிக்.

"நீ கேக்கலியா? உன் வீட்ல கடியாரம் ஒண்ணு டிக்டிக்குன்னு அடிக்குமே, அது கம்பியில அடிச்சுதே!"

அரை மணி நேரத்தில் தெருவே திருவிழாவாகிவிட்டது. டொமினிக் நிலவறையிலிருந்து தான் காய்ச்சிய ஒயினைக் கொண்டுவந்தார். விற்க வைத்திருந்த பிரோகியில் பாதியைத் தெருவே தின்றுவிட்டது. இம்ரி முட்டைக்கோஸ் சுருளை ஒரு கையிலும் கோப்பையை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே நின்றான். அவன் சிரித்தால் முன்பற்கள் இரண்டு இல்லாதது தெரியும். அதனால் அவன் சாதாரணமாகச் சிரிக்கமாட்டான். அன்று சிரித்தான்.

வெரோனாவை அடுப்படிக்கு இழுத்துப் போனேன்.

"சொல்லப்போறியா?"

"தெரியல."

"சொல்லாத. நீ வேண்டினது கெடைச்சாச்சு. அவனே சம்மதம்னு சொல்லிட்டான். அவன் சொன்னா சொன்னதுதான்."

எங்கள் ஆட்களிடம் அது அப்படித்தான். பூமிக்கு அடியில் ஒருவன், "கூரைக்கு முட்டு கொடுத்தாச்சு" என்று சொன்னால், அதை நம்பி அடுத்தவன் அதன் கீழே தலையை நீட்டுவான். சொன்னதை மாற்றிப் பேசுகிறவனோடு யாரும் இறங்கமாட்டார்கள். இம்ரியின் அப்பாவும் அண்ணன்களும் அப்படி இறங்கியவர்கள். சரியாகக் கேட்காமல் சொன்னதாக இருந்தாலும் சம்மதம் சம்மதம்தான். அவன் வாயால் அதைத் திரும்ப வாங்கமாட்டான் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"ஞாயித்துக்கிழம அங்க போய் நிப்பான்," என்றாள் வெரோனா. "ஷூவ எடுத்துட்டுப் போவான். நாலு பேரு முன்னாடி ஜெர்ஸியக் கொண்டுவந்தா, போட்டுக்கறதுக்குன்னு நெனச்சுக் கைய நீட்டுவான்."

அவள் கண் நிறைந்துவிட்டது. ஏப்ரனால் துடைத்தாள், முகமெல்லாம் மாவானது.

"அதையெல்லாம் யோசிக்காத. ஒரு நாள் அவமானம். அப்புறம் சாகறவரைக்கும் உங்கூட."

"அந்த ஒரு வருஷம் எங்கூடத்தானே இருந்தான்," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் இம்ரி சதுர மூக்கு வைத்த தன் ஷூவை மாட்டிக்கொண்டு, போனிக் குவியலுக்குப் பின்னால் இருக்கிற சாம்பல் மைதானத்துக்குக் கிளம்பினான். வெரோனா பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். பந்து பொறுக்க நானும் போவது வழக்கம். இந்தப் பக்கம் ஒரு ஆள் வேண்டும், அந்தப் பக்கம் ஒரு ஆள் வேண்டும். அவன் நேராக ஓடிவந்து, நுனிக்காலால், கதவை உதைத்துத் திறப்பதுபோல உதைப்பான். முதல் பத்துப் பந்தும் நேராக என் தலைக்கு மேலே போயின. நான் பொறுக்கிக்கொண்டு திரும்பி வரும்போது வெரோனா பதினோராவது பந்தைத் தரையில் ஊன்றிப் பிடித்திருந்தாள். அவன் இரண்டடி பின்னால் போய்த் தலையைக் குனிந்தான்.

"இம்ரி, நில்லு."

"பிடிச்சது சரியாத்தான் இருக்கு."

"போன்ல அவங்க அப்படிச் சொல்லல."

அவன் நிமிர்ந்தான். அவள் முட்டி போட்டபடியே, பந்திலிருந்து விரலை எடுக்காமலே, எல்லாவற்றையும் சொன்னாள். ஐரோப்பாப் பையன், இடமில்லை, விலகிக்கொள், கண்ணாடிப் பெட்டி. எதையும் மெழுகவில்லை. அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

அவன் அவளுக்கு எதிரே சாம்பலிலேயே உட்கார்ந்தான்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"நீ கத்தினதுலேர்ந்து."

"டொமினிக் ஒயின் ஊத்தினப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"உனக்கு நல்லதுதானே, வெரோனா. வாயைத் தொறக்காம இருந்திருந்தா நான் வீட்டுக்கு வந்திருப்பேனே."

"யாரு வந்திருப்பா? சுவத்தப் பாக்கற ஆளு வந்திருப்பான். அவன் எனக்கு வேண்டாம்யா. காது கேக்காம சொன்ன ஒரு வார்த்தைக்காக நீ வந்து உக்காந்தா, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமயும் எனக்கு உன் மூஞ்சியப் பாக்க பயமா இருக்கும். ஆட்டம் வேண்டாம்னு நீ நெனச்சா நீயா சொல்லிட்டு வா. இல்லன்னா அதையும் சொல்லு."

"சம்மதம்னு சொல்லிட்டேனே."

"கேட்டதுக்கா சொன்னே? கேக்காததுக்குச் சொன்னே. முட்டு குடுக்காத எடத்துல முட்டு குடுத்தாச்சுன்னு எவனோ சொன்னா, தெரிஞ்சவ சும்மா இருப்பாளா? தலைய வெளிய இழுப்பா."

அவன் அந்தக் கோணல் விரலைப் பிடித்துக்கொண்டான். நான் பந்துகளைப் பொறுக்குவதுபோலத் திரும்பிக்கொண்டேன். எல்லாப் பந்தையும் ஏற்கெனவே பொறுக்கியிருந்தேன், இருந்தாலும் குனிந்தேன்.

"எனக்கு இன்னும் ஆட ஆசையா இருக்கு," என்றான் அவன். திருட்டை ஒப்புக்கொள்கிறவன்போல மெதுவாகச் சொன்னான். "இந்த வயசுல அசிங்கமா இருக்கு, ஆனா ஆசையா இருக்கு."

"இதுல என்ன அசிங்கம். எழுந்திரு."

எங்கள் வீட்டுத் தொலைபேசியில்தான் நன்றாகக் கேட்கும் என்று அங்கேயே வந்தார்கள். அதற்கு முன்னால் இம்ரி வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினான். "இப்ப ஒரு போன் பேசப்போறேன். தயவுசெஞ்சு எடுக்காதீங்க," என்றான். விஷயத்தையும் ஒளிக்காமல் சொன்னான். டொமினிக் தலையில் கைவைத்துக்கொண்டார். ஒயினை வீணாக்கியதற்கு அல்ல, அவர் நல்ல மனுஷன். அன்னா மிஹோக் புனித அன்னாள் படத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தாள்.

மேலாளரை அவர் வீட்டில் பிடிக்கக் கொஞ்ச நேரமானது. வெரோனா தொட்டியில் பாத்திரம் கழுவுகிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நான் மேசையைத் துடைத்த இடத்தையே துடைத்தேன். எங்களுக்கு இம்ரி பேசியது மட்டும்தான் கேட்டது.

"கம்பி சரியில்ல, நீங்க சொன்னது எனக்குக் கேக்கல... இல்ல, இப்பத்தான் தெரிஞ்சுது... என் வீட்டுக்காரி சொன்னா... அந்தச் சம்மதத்த நான் திரும்ப வாங்கிக்கறேன். இதுவரைக்கும் நான் எதையும் திரும்ப வாங்கினதில்ல, நீங்களே சொல்லுங்க... நானா விலகமாட்டேன். வெளிய அனுப்பணும்னா நீங்க அனுப்புங்க, அது உங்க உரிமை... அந்தப் பையனையும் என்னையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்துங்க. காத்தடிக்கற நாளாப் பாத்து நிறுத்துங்க. அவன் ஜெயிச்சா நானே அவன் கையப் பிடிச்சுக் குலுக்கிட்டு வந்துடறேன்... ஒரு வாரம். ஒரு வாரம் போதும்."

நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு மூச்சை விட்டான். ஒரு வாரம் கிடைத்துவிட்டது என்று அந்த மூச்சிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. வெரோனாவின் தோள் மெல்ல இறங்கியது. இன்னொரு ஆகஸ்ட். நான் அவளைப் பார்த்து உள்ளுக்குள் அழுதேன்.

"இன்னும் ஒண்ணு," என்றான் இம்ரி. "சின்னப் பசங்களோட சேத்து எனக்குப் படுக்க எடம் குடுப்பீங்களே, அது வேண்டாம். சமையலறை வெச்ச வீடு ஒண்ணு பாத்துக் குடுங்க. நாங்க ரெண்டு பேர் வர்றோம்."

தொட்டியில் தட்டு விழுந்தது. உடையவில்லை.

"யாரைக் கேட்டு ரெண்டு பேருன்னு சொன்னே?" வெரோனா திரும்பினாள். சோப்பு நுரை முழங்கைவரை வழிந்தது.

அவன் கருவியை நெஞ்சோடு வைத்துக்கொண்டான். "கேட்டா மாட்டேன்னு சொல்லிடுவியோன்னு பயம். பொண்ணுங்க, உங்கம்மா, தேவாலயம், இந்தத் தெரு, எல்லாத்தையும் விட்டுட்டு வான்னு எப்படிக் கேக்கறது? அதான் ஒரு தடவகூடக் கேக்கல."

"இத்தனை வருஷமாவா?"

"இத்தனை வருஷமா."

"ரெண்டு பொண்ணுக்கும் கல்யாணம் பண்ணிக் குடுத்தாச்சு. எங்கம்மா செத்து எத்தன வருஷமாச்சு. தேவாலயத்துப் பிரோகிய ஹெலா கிள்ளுவா, கேவலமாத்தான் கிள்ளுவா, இருந்தாலும் கிள்ளுவா. இப்பவாவது கேளேன்யா!"

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் அவன் நெஞ்சிலிருந்து, அந்தக் கருவிக்குள்ளிருந்து, அன்னா மிஹோக்கின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

"சரின்னு சொல்லித் தொலைடி, வெரோனா!"

"அன்னா, நீ சத்தியம் பண்ணினியே!" என்றது டொமினிக்கின் குரல்.

"நீ எதுக்குடா எடுத்தே?"

அவர்களுக்கு அடியில் எங்கோ மிகவும் மெல்லிதாக மேலாளர், "ஹலோ? யாரது? ஹலோ?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வெரோனா ஈரக் கையோடு வந்து இம்ரியிடமிருந்து கருவியைப் பிடுங்கினாள். "எல்லாரும் வைங்க!" என்றாள். பாத்திரக்கடையில் பேரம் பேசுகிற குரல் அது. டக் என்று ஒன்று வைத்தது. கொஞ்சம் மனசில்லாமல் இன்னொன்றும் வைத்தது.

"நான் வெரோனா ஹுடாக் பேசறேன்," என்றாள் வெரோனா. "ஞாயித்துக்கிழம பூசை முடிச்சுட்டுத்தான் கிளம்புவோம். எத்தன மணிக்கு வந்தா உங்களுக்குச் சரியா இருக்கும்?"